எந்தக் கூரையைப் பிரிக்க

ஐம்பத்திமூன்றாம் வருஷக் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் காற்று மரியஜானை ஏமாற்றிவிட்டது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மரியஜான் நான்தான். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவன், காற்றை மூக்கால் மணத்தே சொல்லுவான் என்று பெயர் வாங்கியவன். அதனால் பேச்சின் முடிவில் ஒரு பெருமூச்சு விட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும்லா" என்று சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வருஷமாக நானும் அதற்குத் தலையாட்டிக்கொண்டுதான் போகிறேன். போன மாசம் எங்கள் தாலுக்காக்களைத் திருவிதாங்கூர்க் கொச்சியிலிருந்து பிரித்து மதராசோடு சேர்த்தபோது தெருவெல்லாம் வெடி போட்டார்கள். அந்தக் கூட்டத்திலும் ஒருவன் என் தோளில் கை போட்டு, "அன்னைக்குக் காத்து சதி பண்ணல்லேண்ணா நீரு ஊரக் காப்பாத்தியிருப்பீரு மாமா" என்றான். அவனை அடிக்கலாம் போல வந்தது. பாவம், அவன் என்ன செய்வான்?

காற்று என்னை ஏமாற்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இனயத்துக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவே மணலில் கிடக்கும் சின்னத் துறை எங்களுடையது. அத்தனையும் ஓலை வீடுகள். ஒரு வீட்டின் இறவாரமும் அடுத்த வீட்டின் இறவாரமும் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் நாலாவது வீட்டுக்காரி தீர்ப்புச் சொல்வாள். ஐம்பத்திரண்டு கிறிஸ்துமஸ் ராத்திரி ஊரே பூசைக்குப் போயிருந்த நேரத்தில், இறவாரத்தில் தொங்கவிட்ட காகித நட்சத்திரத்துக்குள் இருந்த விளக்கு சரிந்து பத்தொன்பது வீடு எரிந்துபோயிற்று. புன்னையெண்ணெய் விளக்கு. சரிந்தால் ஒழுகிக்கொண்டே எரியும். பூசை முடிந்து வந்தவர்கள் சாம்பலில்தான் பாலனைக் கண்டார்கள்.

அடுத்த வருஷம், கிறிஸ்துமசுக்கு முந்தின நாலு வார அட்வெந்து காலம் தொடங்கியதும் பங்குச்சாமியார் கமிட்டியைக் கூட்டினார். தீக்காவலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். அந்த மரம் ஒன்று அலையில் புரண்டு காலில் ஏறியதிலிருந்து நான் கரையில் கிடந்தேன். வேலை இல்லாதவனுக்குக் கோபம் மட்டும் குறைவில்லாமல் வரும். ஊரை அதட்டி உருட்ட இவன்தான் சரி என்று நினைத்திருப்பார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

சட்டங்களை நானே போட்டேன். நட்சத்திரம் தென்னைமரத்தில்தான் தொங்க வேண்டும், இறவாரத்தில் கூடாது. பாலன் படுக்கிற வைக்கோல் குடிலுக்குள் விளக்கு வைக்கக்கூடாது. வெடி போடுவது அலை நனைக்கிற ஈரமணலில் மட்டும். ஒவ்வொரு அடுப்புக்குப் பக்கத்திலும் ஒரு குடம் தண்ணீர் நிறைந்தே இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு கசக்கிறது.

இன்னொரு சட்டம் கூரைச் சட்டம். எங்கேயாவது தீப்பிடித்தால், காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக் கூரையை உடனே பிரித்து இழுத்துப் போட்டுவிட வேண்டும். யார் வீடு என்று பார்க்கக்கூடாது. வீட்டுக்காரன் தடுக்கக்கூடாது. ஊர் சேர்ந்து பிறகு புதுக்கூரை போட்டுக் கொடுக்கும். ஒரு கூரை போனால் ஒரு வரிசை பிழைக்கும். எந்தக் கூரையைப் பிரிப்பது என்று காற்றுப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் எனக்கு. கோயில் நடையில் வைத்துச் சாமியார் இதைப் படித்தபோது ஒருவர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் என் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

எதிர்ப்பு வந்ததெல்லாம் பொரிப்புச் சட்டத்துக்குத்தான். எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொத்து பொரிக்காமல் கிறிஸ்துமஸ் கிடையாது. சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கிக் கொதிக்கிற தேங்காயெண்ணெயில் போடுவார்கள். ஓலை அடுக்களையில், தலைக்கு மேல் ரெண்டு முழத்தில் கூரை, கீழே ஒரு சட்டி எண்ணெய் கொதிக்கிறது. நினைத்துப் பாருங்கள். அதனால் பொரிப்பதெல்லாம் கடற்கரையில் பொது அடுப்பில்தான் என்று சொன்னேன். பெண்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். காரணம், கொதி. தின்பண்டத்தின் மேல் அடுத்தவர் ஆசைக்கண் விழுந்தால் அதற்குக் கொதி என்று பெயர். தின்றவர்களுக்கு வயிறு நோகும், உப்பு ஓதிக் கொடுத்தால்தான் தீரும் என்பார்கள். அதனால் பொரிக்கும்போது கதவை அடைத்துக்கொண்டு பொரிப்பதுதான் வழக்கம்.

"ஊரு பாக்கப் பொரிச்சா சட்டியில எண்ணெ பொங்கும் மாமா" என்றாள் கிளீட்டசின் பெண்டாட்டி ஞானப்பூ. "பொறவு பிள்ளியளுக்கு வயித்தால போனா நீரு வந்து கழுவுவீரா?"

"கழுவுதேன். வீடு எரிஞ்சா நீ வந்து கெட்டித் தருவியா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே பெரும்பாலோர் கடற்கரைக்கு வந்தார்கள். முந்தின வருஷச் சாம்பல் அவர்களுக்கும் ஞாபகம் இருந்தது. சட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் பொரித்தார்கள். நான் கம்பை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பேன். திரும்பினால் என் கண்ணுக்கும் கொதி உண்டு என்று ஏசுவார்கள்.

எங்கள் வரிசையைச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து மேடு நோக்கி ஒரே கோட்டில் வீடுகள். கடலோரமாக முதலில் வலைக்கூடு. கரையில் நின்று இழுக்கிற ஊரின் கரமடி வலைகள், மரங்களின் பாய்கள், கயிறுகள் எல்லாம் அதற்குள். அடுத்து பிரகாசியின் வீடு. அவள் விதவை. புருஷன் கடலில் போய்ப் பத்து வருஷம். மீன் சுமந்து ஒற்றை ஆளாகப் பிழைத்தாள். அதற்கு மேலே கிளீட்டசின் வீடு. அதற்கும் மேலே என் மகள் லீமாவின் வீடு. லீமா வீட்டைத் தாண்டி இன்னும் ஐந்து வீடுகள், பிறகு கோயில் தென்னந்தோப்பு.

லீமா தாயில்லாமல் வளர்ந்தவள். அவளுடைய எட்டாவது வயசில் என் பெண்டாட்டி போய்விட்டாள். சோறு வடிக்கத் தெரியாத நான் அவளுக்குத் தலைபின்னக் கற்றுக்கொண்டேன். என் கோபத்துக்கு அடங்காத ஒரே ஆள் ஊரில் அவள்தான். ஐம்பத்திமூன்று செப்டம்பரில் அவளைக் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு வீடில்லை. என் மரத்தில் எனக்கிருந்த பங்கை விற்று அந்த வீட்டைக் கட்டினேன். கூரைக்கு ஓலை நானே முடைந்தேன். நவம்பரில்தான் கூரை ஏறியது. அந்த வீட்டைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாள் விடியாது.

இருபத்துநாலாம் தேதி காலையில் ஆண்கள் எல்லோரும் கடலில். பண்டிகைக்கு முந்தின நாள் வலையில் பட்ட மீனுக்கு விலை உண்டு. வழக்கம்போல விடியுமுன் கரைக்காற்றில் போனவர்கள். எங்கள் பக்கத்தில் விடியற்காலம் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறினதும் அது செத்துப்போகும். கொஞ்ச நேரம் ஓர் இலை அசையாது. பிறகு கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். போகும்போது ஒரு காற்று, வரும்போது ஒரு காற்று. அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே. பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

ஏழு மணி இருக்கும். ரோந்து போனபோது ஞானப்பூவின் வீட்டுக் கதவு அடைத்திருந்தது. உள்ளேயிருந்து காய்கிற எண்ணெய் வாசனை வந்தது. நின்றேன்.

"ஏட்டி ஞானப்பூ, என்னவாக்கும் உள்ள?"

"தேங்கா வறுக்கேன் மாமா" என்றாள் உள்ளேயிருந்து.

தேங்காய் வறுக்கிற மணமும் எண்ணெய் காய்கிற மணமும் தெரியாதவனா நான்? கதவைத் தட்டக் கம்பை ஓங்கினேன். அப்போது தன் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்த லீமா சிரித்தாள். "அப்பா, ஒரு மாசமா எல்லாரயும் ஏசியாச்சு. நல்ல நாளும் அதுவுமா இண்ணைக்காவது சும்மா இருமே." நானும் சிரித்துவிட்டேன். போகட்டும், அடுப்புப் பக்கத்தில் குடம் தண்ணீர் இருக்கிறதே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு நடந்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை அன்றைக்கு அங்கேதான் தொடங்கியது.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்பு ஞானப்பூ அலறினாள். எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து சட்டிக்குள் தீப்பிடித்திருக்கிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? தீக்காவல் மாமா வைக்கச்சொன்ன குடத்தைத் தூக்கி அப்படியே சட்டியில் கவிழ்த்தாள். எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்ததும் தீ எழும்பிக் கூரையில் ஒட்டிக்கொண்டது. ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டிருந்தால் அங்கேயே அணைந்திருக்கும். ஊரெல்லாம் மணல். படுக்கிற பாயில் மணல், சோற்றில் மணல். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் தண்ணீர் வையுங்கள் என்று சட்டம் போட்டேன். என் சட்டத்தை மீறி அவள் கதவை அடைத்தாள் என்று ஊர் அவளை ஏசியது. என் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து தண்ணீர் ஊற்றினாள் என்று யாரும் என்னை ஏசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளும் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். உயிருக்கு மோசமில்லை. கோயில் மணி அடித்தது. கரையில் இருந்த நாலைந்து கிழவர்களும் பெண்களும் தொறட்டி, கயிறு, வெட்டுகத்தியோடு ஓடிவந்தார்கள். ஒரு மாசமாகப் பழக்கி வைத்திருந்தேன். எல்லோரும் எரிகிற வீட்டைச் சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எந்தக் கூரைய பிரிக்க மாமா?"

இடது பக்கம் பிரகாசியின் வீடு. வலது பக்கம் லீமாவின் வீடு.

நான் கடலைப் பார்த்து நின்றேன். விடியற்காலத்திலிருந்து பிடரியில் குளிர்ந்துகொண்டிருந்த கரைக்காற்று இல்லை. நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. வலைக்கூட்டுக்கு மேலே கடல் தெரிந்தது. தூரத்தில் நாலு மரங்கள் வந்துகொண்டிருந்தன. நாலிலும் பாய் விரித்திருந்தார்கள். பாய்கள் கரையைப் பார்த்துப் புடைத்திருந்தன. வெளிக்கடலில் காற்றுத் திரும்பிவிட்டது. ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் அது கரை ஏறும். ஏறினால் தீ மேட்டுப் பக்கம்தான் போகும். பிரிக்க வேண்டியது என் மகள் வீட்டுக் கூரை.

இதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

புகை மட்டும் இன்னும் கொஞ்சம் கடல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கரைக்காற்றின் கடைசி மிச்சம். அது எனக்குச் சாக்காகக் கிடைத்தது. வலைக்கூட்டில் ஊரின் சொத்து இருக்கிறதே என்ற நினைப்பும் நல்ல பிள்ளை போல வந்து பக்கத்தில் நின்றது. ஆறு வாரம்தானே ஆகிறது கூரை போட்டு என்று ஒரு பக்கம் மனசு அழுதது. இதெல்லாம் சொல்லத்தான் இத்தனை நேரம். அங்கே நின்றவனுக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"பிரகாசி வீடு" என்றேன். "பொகயப் பாருங்க, கடலுக்கில்லா போவுது. வலைக்கூட்டக் காப்பாத்தணும். இழுங்க!"

பிரகாசி தன் வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பெட்டியையும் மீன்கூடையையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஒதுங்கினாள். தொறட்டிகள் பாய்ந்தன. முகட்டில் கயிறு கட்டி இழுத்தோம். நானும் நொண்டிக்காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். எல்லோரையும்விட அதிகமாக இழுத்தது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

லீமா தன் வீட்டுச் சாமான்களை வெளியே எடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு பானையும் பாயும் வாசலுக்கு வந்திருந்தன. "ஏ பிள்ளே, அத அங்ஙன போடு! ஒன் வீட்டுக்கு ஒண்ணும் வராது. போய் வெள்ளம் கோரிட்டு வா" என்று கத்தினேன். அப்பன் காற்றுப் பார்த்துச் சொல்கிறான். அவள் நம்பினாள். பானையை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள்.

பிரகாசியின் கூரை மணலில் வந்து விழுந்தது. அதை இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் முகத்தில் காற்றடித்தது. கடலிலிருந்து வந்த காற்று. நனைந்த உப்பு வாசனையோடு வந்தது.

தீ குனிந்து எழும்பி லீமாவின் இறவாரத்தைப் பிடித்தது. அந்த வாரம் மழை இல்லை, ஓலை நன்றாக உலர்ந்து கிடந்தது. இனிமேல் அந்தக் கூரையைப் பிரிக்க யார் கிட்டே போக முடியும்? அதற்கடுத்த வீட்டைப் பிரிக்கலாம் என்று ஓடினோம். கயிறு கட்டுவதற்குள் அதுவும் பற்றியது. அதற்கடுத்ததும் அப்படியே. கோயில் தோப்பு வரை ஓடித்தான் தீ நின்றது. கிளீட்டஸ் வீட்டோடு சேர்த்து ஏழு வீடுகள்.

நான் அடுத்த வீட்டுக் கூரையில் நின்றுகொண்டிருந்தபோது லீமா கிணற்றிலிருந்து வந்திருக்கிறாள். பெட்டி உள்ளேயே இருக்கிறதே என்று ஓடியிருக்கிறாள். அவள் அம்மையின் சேலை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை வாசல்வரை இழுத்துவிட்டாள். எரிகிற மூங்கில் ஒன்று விழுந்து வலது கையை அழுத்தியது. ஞானப்பூதான் உள்ளே சாடி அவளை இழுத்து வெளியே போட்டாள். அந்த ஞானப்பூவைத்தான் ஊர் இன்றைக்கும் ஏசுகிறது.

மாப்பிள்ளை துணையிருக்க, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் கிடந்தாள் என் மகள். உயிர் தப்பியது. மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வலை முடிகிற ஊசியை அவளால் பிடிக்க முடியாது. பிள்ளைக்குத் தலைபின்ன முடியாது. இப்போது பேத்திக்கு நான்தான் பின்னிவிடுகிறேன். லீமா பக்கத்தில் இருந்து, "இழுத்துக் கெட்டாதேயும் அப்பா, பிள்ளைக்கு நோவும்" என்பாள். ஒரு நாளும் ஒரு குற்றம் சொன்னதில்லை. அப்பனைக் காற்று ஏமாற்றிவிட்டது என்றுதான் அவளும் நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு மரங்கள் கரை ஏறியதும் கிளீட்டஸ் ஓடிவந்தான். தன் வீட்டுச் சாம்பலைப் பார்த்தான். பெண்டாட்டி பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு பிரகாசியின் மொட்டைச் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, நாங்க பாயி விரிக்கும்பம் மணி ஒம்பது ஆகல்லியே..." என்று தொடங்கினான். அங்கேயே நிறுத்திவிட்டான். "கரையில நிக்கவனுக்குப் பொகதான தெரியும். நீரு என்ன செய்வீரு?" என்று சொல்லிவிட்டு விலகிப்போனான். வீடு போன அந்த வேளையிலும் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தான். நான் அந்த வழியில் புகுந்து ஒளிந்துகொண்டேன்.

ராத்திரிப் பூசைக்கு முன்பு பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சாமியாரிடம் சொன்னேன். "பிள்ளைப் பாசத்தைக் கடவுள் குற்றமாக எண்ணமாட்டார், மரியஜான். புகை அந்தப் பக்கம் போனதும் உண்மைதானே?" என்றார். மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். மூன்றே மூன்று. ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. பிரசங்கத்தில் அவர், "தன் மகள் வீடு எரிந்தபோதும் ஊரின் வலைகளைக் காத்த மனிதன்" என்று என்னைப் பெயர் சொல்லாமல் புகழ்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே காட்டக்கூடாது என்று அவருக்கு ஒரு சட்டம் இருந்திருக்கலாம். ஜனங்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கூரையில்லாத ஏழு குடும்பமும் பிரகாசியும் கோயில் விறாந்தையில்தான் அன்றைக்குப் படுத்தார்கள். பூசை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு முந்திரிக்கொத்தாகக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். கடற்கரையில், நான் முதுகைக் காட்டி நிற்கப் பொரித்தவை. தின்ன முடியவில்லை. கடலில் போட்டேன்.

அதற்குப் பிறகு தண்ணீர்ச் சட்டத்தை மாற்றினேன். ஒவ்வொரு அடுப்புப் பக்கத்திலும் ஒரு கடவப்பெட்டி நிறைய மணல். மூன்று வருஷமாக ஊரில் தீ இல்லை. தீக்காவலை வேறு ஆளுக்குக் கொடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்கிறேன். விடமாட்டேன் என்கிறார்கள்.

பிரகாசிக்குக் கூரை போட்டுக் கொடுக்க ஊர் வந்தபோது நான் யாரையும் விடவில்லை. தனியாக முடைந்து தனியாகக் கட்டினேன். வருஷம் தவறாமல் பழைய ஓலையைக் களைந்து புது ஓலை போட்டுக் கொடுக்கிறேன். அவள் வேண்டாம் என்றும் சொல்வதில்லை, நன்றி என்றும் சொல்வதில்லை. நான் மேலே இருந்து கட்டுவேன். அவள் கீழே நின்று ஓலையை ஒவ்வொன்றாக நீட்டுவாள்.

இந்த வருஷம் போன சனிக்கிழமை கூரை கட்டினேன். அறுபத்தொன்று ஆகிவிட்டது, இனி எத்தனை வருஷம் ஏணியில் ஏறுவேனோ தெரியாது. சாமியாரிடம் சொன்னது போதாது, சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. பாதிக் கூரை முடிந்திருந்தது. கயிற்றை முடிந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"பிரகாசி, ஒண்ணு சொல்லணும். அண்ணைக்குக் காத்து என்ன ஏமாத்தல்ல. மரங்க பாயி விரிச்சு வாறத நான் பாத்தேன். லீமா வீட்டத்தான் பிரிச்சிருக்கணும். தெரிஞ்சேதான் ஒன் வீட்டச் சொன்னேன்."

ஏசுவாள், அழுவாள், ஓலையை வீசி எறிந்துவிட்டுப் போவாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஓலையின் நுனியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து வருசமா எங்க வீட்டுக்காரருக்காக அந்த வாசல்ல நிண்ணு கடலையே பாத்தவ நான். பாயி புடைச்சு வாறது எனக்குத் தெரியாதா? நீரு கடலப் பாக்கும்பம் நானும் பாத்தேன்."

"பொறவு ஏன் நீ வாயத் தெறக்கல்ல?" என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் வீடு நிண்ணிருக்கும். அஞ்சு வீடு நிண்ணிருக்கும். எம் பிள்ளைக்குக் கை..."



"நீரு சொல்லுவீருண்ணு நெனச்சேன்" என்றாள் பிரகாசி. "கூரை விழுறது வரைக்கும் ஒம்ம வாயத்தான் பாத்துட்டு நிண்ணேன். மரியஜான் அண்ணன் எப்பிடியும் மாத்திச் சொல்லுவாருண்ணு."

பிறகு அடுத்த ஓலையை நீட்டினாள். நான் வாங்கிக் கட்டினேன். வேறு என்ன செய்ய?